கதிர்வீச்சு ஆன்காலஜி ரெசிடென்ட்டுக்கு வெளிநாட்டு எலெக்டிவ் ஸ்காலர்ஷிப்: எங்கே தேடுவது, எப்படி விண்ணப்பிப்பது?

கோபால்ட்60 கேட்டது:

வணக்கம். ரேடியேஷன் ஆன்காலஜி ரெசிடென்சியில் இருக்கிறேன், வருகிறது கடைசி வருடம். எங்கள் ப்ரோக்ராமில் கடைசி வருடத்தில் ஆறு வாரம் வரை வெளியே எலெக்டிவ் (நாமே தேர்ந்தெடுக்கும் வேறு மையத்தில் குறுகிய காலப் பயிற்சி) போகலாம், வெளிநாடானாலும் சரி, ஆனால் செலவு முழுக்க நம் கையிலிருந்துதான். டிக்கெட், தங்குமிடம், காப்பீடு எல்லாம் கூட்டிப் பார்த்தால் சம்பளத்தில் தாங்காது. அதனால் ஸ்காலர்ஷிப் தேடிக்கொண்டிருக்கிறேன். தேடினால் வருவதில் பாதி மருத்துவ மாணவர்களுக்கானது, மீதி பயிற்சி முடித்தவர்கள் ஒரு வருடம் போகும் ஃபெலோஷிப். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட நம்மைப் போன்றவர்களுக்கு ஏதாவது இருக்கிறதா?

இன்னொரு குழப்பமும் உண்டு. புரோட்டான் சிகிச்சை, எம்ஆர் லினாக் (எம்ஆர்ஐ ஸ்கேனோடு இணைந்த கதிர்வீச்சு இயந்திரம்) போன்றவை இருக்கும் பெரிய மையத்துக்குப் போவதா, இல்லை கோபால்ட் இயந்திரமும் (கதிரியக்கக் கோபால்ட்டால் இயங்கும் பழைய வகை) நிறைய பிராக்கிதெரபியும் (கதிர்மூலத்தைக் கட்டிக்குள் அல்லது அருகே வைத்துத் தரும் சிகிச்சை) நடக்கும் வசதி குறைந்த மையத்துக்குப் போவதா? எதற்குப் பணம் கிடைப்பது எளிது, எதில் கற்றுக்கொள்வது அதிகம்? விண்ணப்பக் கட்டுரை இரண்டு பத்தி எழுதி வைத்திருக்கிறேன். "உலக சுகாதாரத்தில் எனக்குச் சிறு வயதிலிருந்தே ஆர்வம்" என்று தொடங்குகிறது. திரும்பப் படித்தால் எனக்கே கொட்டாவி வருகிறது.

பழைய_ரெசிடென்ட்:

முதலில் நீங்கள் எந்த நாட்டில் ரெசிடென்ட், எந்த நாட்டுக்குப் போக நினைக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், ஏனென்றால் இந்தத் துறையில் ஸ்காலர்ஷிப் எல்லாமே ஒரு வழிப் பாதைதான். பணக்கார நாட்டிலிருந்து வசதி குறைந்த நாட்டுக்குப் போகிறவருக்கு ஒரு வகைப் பணம், அங்கிருந்து இங்கே வருகிறவருக்கு வேறு வகைப் பணம். ஒன்றின் விண்ணப்பத்தை எடுத்து இன்னொன்றுக்கு அனுப்பினால் படிக்காமலேயே ஒதுக்கிவிடுவார்கள்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ரெசிடென்ட் என்றால் அமெரிக்கக் கதிர்வீச்சு ஆன்காலஜி சங்கமான ஆஸ்ட்ரோவும் ரெசிடென்ட்டுகளின் சங்கமான ஆரோவும் சேர்ந்து நடத்தும் குளோபல் ஹெல்த் ஸ்காலர்ஸ் திட்டம்தான் உங்கள் கேள்விக்கு நேரான பதில். அது ரெசிடென்ட்டுகளுக்கென்றே இருப்பது, குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் எலெக்டிவ் செய்வதற்கானது. பெரிய தொகை என்று நினைத்துவிடாதீர்கள், டிக்கெட்டுக்கும் தங்குவதற்கும் கைகொடுக்கும், அவ்வளவுதான். ஐரோப்பாவில் இருந்தால் அதே துறையின் ஐரோப்பியச் சங்கமான எஸ்ட்ரோவின் மொபிலிட்டி கிராண்ட். முன்பு டெக்னாலஜி டிரான்ஸ்பர் கிராண்ட் என்று இருந்ததுதான் இப்போது இந்தப் பெயரில் வருகிறது. ஒரு குறிப்பிட்ட உத்தியைக் கற்றுக்கொண்டு வந்து சொந்த மையத்தில் செயல்படுத்த, இன்னொரு மையத்தில் சில வாரம் தங்குவதற்கு. உறுப்பினராக இருக்க வேண்டும்.

சர்வதேசப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டு ஒன்றியமான யுஐசிசியின் டெக்னிக்கல் ஃபெலோஷிப்பும் ஏறக்குறைய ஒரு மாதப் பயணத்துக்கானது. 1976இல் இக்ரெட் என்ற பெயரில் தொடங்கியது, மூத்தவர்கள் பலர் இன்னும் அந்தப் பெயரில்தான் சொல்வார்கள். திரும்பி வந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பதுதான் அதன் உயிர்நாடி. பயிற்சியில் இருப்பவர்களை ஏற்பார்களா என்பதை அந்தந்த வருட விதிமுறையில் பார்த்துவிட்டு எழுத உட்காருங்கள்.

அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமான ஆஸ்கோவின் ஐடியா விருது பற்றி யாராவது சொல்வார்கள். அது வசதி குறைந்த நாட்டு இளம் ஆன்காலஜிஸ்ட்டுகளுக்கு. வருடாந்திர மாநாட்டுக்கு அழைத்து, ஒரு மென்டரோடு சேர்த்து, அந்த மென்டரின் மருத்துவமனையையும் சுற்றிப் பார்க்க வைப்பார்கள். நல்ல திட்டம், ஆனால் எலெக்டிவ் என்று சொல்ல முடியாது. அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான என்ஐஎச்சின் ஃபோகார்ட்டி ஃபெலோஷிப் ஏறக்குறைய ஒரு வருட ஆராய்ச்சி, ஆறு வாரக்காரருக்கு ஆகாது.

சர்வதேச அணுசக்தி முகமையின் ஃபெலோஷிப்பைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது தனி ஆள் நேராக விண்ணப்பித்து வாங்குவது இல்லை. உறுப்பு நாட்டில் நடக்கும் தொழில்நுட்பக் கூட்டுறவுத் திட்டத்தோடு இணைந்தது, அந்த நாட்டின் அதிகாரப்பூர்வ அமைப்பு உங்கள் பெயரைப் பரிந்துரைக்க வேண்டும், விண்ணப்பம் இன்டச் பிளஸ் என்ற தளம் வழியாகப் போகும். உங்கள் நாடு அப்படி உதவி பெறும் நாடாக இருந்து, உங்கள் துறைத் தலைவருக்கும் அந்தத் திட்டத்தில் கை இருந்தால் இதைவிட நல்லது இல்லை, இல்லையென்றால் மறந்துவிடுங்கள். அதே முகமையின் மேரி ஸ்க்லடோவ்ஸ்கா கியூரி ஃபெலோஷிப்பைப் பார்த்தும் குழம்ப வேண்டாம், அது அணு சார்ந்த துறைகளில் முதுகலை படிக்கும் பெண்களுக்கு.

கடைசியாக, யாரும் தேடாத இடம் ஒன்று இருக்கிறது: உங்கள் சொந்தப் பல்கலைக்கழகம். பெரும்பாலான பெரிய மருத்துவக் கல்லூரிகளில் குளோபல் ஹெல்த் அலுவலகம் ஒன்று இருக்கும், அதில் ரெசிடென்ட் பயணத்துக்குச் சிறு தொகை ஒதுக்கியிருப்பார்கள். குழந்தை மருத்துவமும் பொது மருத்துவமும் வருடா வருடம் வாங்கிக்கொண்டு போகும், நம் துறையிலிருந்து யாரும் கேட்பதே இல்லை. போய்க் கேளுங்கள்.

கோபால்ட்60:

மிக்க நன்றி, இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை. நான் இருப்பது அமெரிக்காவில், ஆஸ்ட்ரோ உறுப்பினர்தான். அப்படியென்றால் குளோபல் ஹெல்த் ஸ்காலர்ஸ்தான் முதல் இலக்கு. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு மையத்தைப் பார்த்து வைத்திருக்கிறேன். என் திட்டம் இது: நான்கு வாரம் போய், அங்கிருக்கும் ரெசிடென்ட்டுகளுக்கு ஐஎம்ஆர்டி (கட்டியின் வடிவத்துக்கு ஏற்பக் கதிரைச் செலுத்தும் முறை) கான்டூரிங் (ஸ்கேன் படத்தில் கட்டியையும் உறுப்புகளையும் கோடிட்டுக் குறிப்பது) வகுப்பு எடுப்பது, தலை கழுத்துப் புற்றுநோயில். எங்கள் மையத்தில் அதுதான் அதிகம் செய்கிறேன். விண்ணப்பத்தில் இதைத்தான் எழுதலாம் என்று இருக்கிறேன். மையத்துக்கு இன்னும் எழுதவில்லை, பணம் கிடைத்த பிறகு எழுதலாம் அல்லவா?

வாசல்_திறந்திருக்கும்:

தம்பி, நான் உங்களுக்கு எதிர்ப் பக்கத்தில் இருப்பவள். எலெக்டிவ் என்று வெளிநாட்டிலிருந்து வரும் ரெசிடென்ட்டுகளை ஏற்றுக்கொள்ளும் மையத்தில் கன்சல்டன்ட். அதனால் கொஞ்சம் நேராகவே சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"பணம் கிடைத்த பிறகு எழுதலாம்" என்பதைத் தலைகீழாக மாற்றுங்கள். எங்களுக்கு மாதம் தவறாமல் மின்னஞ்சல் வரும்: "எனக்கு ஸ்காலர்ஷிப் கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் வருகிறேன், இந்த வகுப்பு எடுக்கிறேன்." யார் கேட்டார்கள் அந்த வகுப்பை? நீங்கள் பார்த்து வைத்திருக்கும் மையத்தில் ஐஎம்ஆர்டி நடக்கிறதா என்று தெரியுமா? நடந்தாலும் எத்தனை இயந்திரத்தில், எத்தனை பிசிசிஸ்ட் (கதிர் அளவைக் கணக்கிட்டுச் சரிபார்க்கும் இயற்பியலாளர்), ஒரு திட்டத்துக்கு க்யூஏ (தரச் சோதனை) பார்க்க அவர்களுக்கு எவ்வளவு நேரம்? இது எதுவும் தெரியாமல் கான்டூரிங் வகுப்பு எடுத்தால், அழகாகக் கோடு வரைந்துவிட்டு இரண்டு பக்கமும் பீம் வைத்துச் சிகிச்சை கொடுக்கும் நிலைதான் வரும்.

உகாண்டாவில் 2016இல் நடந்ததைப் படித்திருப்பீர்கள். நாட்டுக்கே ஒரே ஒரு கோபால்ட் இயந்திரம், அது சரிசெய்ய முடியாதபடி பழுதானது, கதிர்வீச்சு சிகிச்சை அப்படியே நின்றது. அதற்குப் பிறகு அங்கே நிலைமை மாறிவிட்டது, அது வேறு விஷயம். ஒரே இயந்திரத்தை நம்பியிருக்கும் மையங்கள் இன்றும் பல நாடுகளில் உண்டு. 2022இல் ரேஸ் ஆஃப் ஹோப் திட்டத்தைத் தொடங்கியபோது, ஆப்பிரிக்காவில் 20க்கும் மேற்பட்ட நாடுகளில் ஒரு கதிர்வீச்சு இயந்திரம்கூட இல்லை என்று அணுசக்தி முகமையே சொன்னது. அந்த மாதிரி இடத்தில் வேலை செய்பவரிடம் போய் "நான் கற்றுக்கொடுக்கிறேன்" என்று தொடங்கினால் மரியாதைக்குச் சிரிப்பார்கள், வேறொன்றும் நடக்காது.

உங்களை ஒரு மாதம் வைத்துக்கொள்வது எங்களுக்கு என்ன செலவு என்பதையும் யோசியுங்கள். யாராவது ஒரு கன்சல்டன்ட் உங்களோடு நிற்க வேண்டும், நோயாளி பேசுவதை மொழிபெயர்க்க ஒரு நர்ஸ் வேலையை விட்டு வர வேண்டும், அனுமதிக் கடிதத்துக்கு யாராவது நிர்வாக அலுவலகத்துக்கு அலைய வேண்டும். ஸ்காலர்ஷிப் பணம் உங்கள் டிக்கெட்டுக்குப் போகிறது, இந்த உழைப்புக்கு யாரும் ஒன்றும் தருவதில்லை. வெயிட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் நெறிமுறைக் குழு 2010இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இருக்கிறது, உலக சுகாதாரப் பயிற்சிக்கானது. ஏற்கும் நிறுவனத்துக்கு ஆகும் செலவைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. அதைப் படித்துவிட்டு எழுதும் விண்ணப்பம் எது, படிக்காமல் எழுதியது எது என்று எங்களுக்கு இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும், தேர்வுக் குழுவுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

எனவே முதலில் மையத்துக்கு எழுதுங்கள். "இந்த வருடம் உங்களுக்கு எது செய்ய ஆள் இல்லை?" என்று கேளுங்கள். பதில் வரத் தாமதமாகும், அங்கே எல்லாரும் நோயாளிகளோடு இருக்கிறார்கள். வரும் பதில்தான் உங்கள் ப்ராஜெக்ட், அதுதான் உங்கள் விண்ணப்பமும்.

பீம்_ஆன்:

நான் பிசிசிஸ்ட். மேலே மேடம் சொன்னதற்குக் கீழே சில கணக்குகள் மட்டும்.

கோபால்ட் மையத்துக்குப் போகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி "என்ன இயந்திரம்" இல்லை, "சோர்ஸ் (கதிர்மூலம்) எந்த வருடம் மாற்றியது". கோபால்ட் 60இன் அரை ஆயுள் 5.27 வருடம், மாதத்துக்கு ஏறக்குறைய 1 சதவீதம் வெளியீடு குறைந்துகொண்டே வரும். ஐந்தேகால் வருடம் ஆன சோர்ஸில் அதே டோஸ் கொடுக்க இரண்டு மடங்கு நேரம் வேண்டும். புதிதில் ஒருவருக்கு 2 நிமிடம் பீம் ஓடியது என்று வையுங்கள், இப்போது 4 நிமிடம். நாளைக்கு 80 பேர் என்றால் கூடுதலாக 160 நிமிடம், அதாவது இரண்டு மணி நாற்பது நிமிடம், நோயாளியைப் படுக்க வைக்கும் நேரத்தைச் சேர்க்காமலே. சாயங்காலம் ஐந்து மணிக்கு முடிய வேண்டிய வேலை இரவு எட்டைத் தொடுவது ஏன் என்று புரியாமல் "இங்கே நிர்வாகம் சரியில்லை" என்று குறிப்பு எழுதிக்கொண்டு போனவர்களும் உண்டு.

பிராக்கிதெரபியிலும் அப்படித்தான். இரிடியம் 192இன் அரை ஆயுள் சுமார் 74 நாள், அதனால் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை சோர்ஸ் மாற்ற வேண்டும், வருடம் முழுக்க அதற்குப் பணமும் இறக்குமதி அனுமதியும் வேண்டும். சுங்கத்தில் தேங்கினால் சிகிச்சை இழுக்கும். அதனால்தான் சில மையங்கள் ஹெச்டிஆருக்கும் (அதிக வேகத்தில் டோஸ் தரும் பிராக்கிதெரபி) கோபால்ட் சோர்ஸே வாங்குகின்றன, பல வருடம் மாற்ற வேண்டாம். உங்கள் ஊர் பாடப்புத்தகத்தில் இது ஒரு வரியாகக்கூட இருக்காது, அங்கே அதுதான் துறையின் முழு வருடத் திட்டம்.

போகும் முன் அணுசக்தி முகமையின் டைராக் (DIRAC) தரவுத்தளத்தைப் பாருங்கள், எந்த நாட்டில் எத்தனை மையம், எத்தனை லினாக், எத்தனை கோபால்ட் என்று இருக்கும். பொதுவில் திறந்தது. அது அந்தந்த மையங்கள் கொடுக்கும் தகவல், எனவே பட்டியலில் இருக்கும் இயந்திரம் இன்று ஓடுகிறதா என்பதை நேரில் கேட்டால்தான் தெரியும்.

அப்புறம் டோசிமீட்டர் பேட்ஜ், அதாவது நம் மேல் படும் கதிர் அளவைப் பதிவு செய்யும் அட்டை. உங்கள் பேட்ஜை எடுத்துக்கொண்டு போகலாமா, அங்கே தனியாகத் தருவார்களா என்பதை உங்கள் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கைப்பெட்டியில் வைத்து விமான நிலைய ஸ்கேனரில் விட்டுவிட்டு மாதக் கடைசியில் விளக்கம் எழுதுவது வீண் தலைவலி.

நடுராத்திரி_கான்டூர்:

எல்லாரும் ஒரே பக்கம் பேசுவதால் மறுபக்கம் ஒரு குரல். புரோட்டான் மையத்துக்குப் போக ஆசைப்படுவதில் பாவம் ஒன்றும் இல்லை. உங்கள் மையத்தில் குழந்தைகள் கேஸ் வராது, மண்டையோட்டு அடிப்பகுதிக் கட்டிகள் வராது என்றால் நான்கு வாரம் ஒரு பெரிய மையத்தில் உட்கார்ந்து திட்டம் போடுவதைப் பார்ப்பது தேர்வுக்கும் வேலைக்கும் நேரடியாக உதவும். என்ன, அதற்கு "குளோபல் ஹெல்த்" பணம் கேட்காதீர்கள். அதற்கு எஸ்ட்ரோ கிராண்ட் மாதிரி தொழில்நுட்பப் பரிமாற்றப் பணமோ துறையின் கல்வி நிதியோதான் சரி. பெரும்பாலும் பார்வையாளராகத்தான் விடுவார்கள், நோயாளியைத் தொட முடியாது, அதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

ஆனால் எதில் கற்றுக்கொள்வது அதிகம் என்று கேட்டால், மருத்துவராக என் ஓட்டு பிராக்கிதெரபி அதிகம் நடக்கும் மையத்துக்குத்தான். பணக்கார நாட்டு ரெசிடென்ட்டுகள் பலர் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு டேண்டம் (பிராக்கிதெரபிக்காகக் கருப்பைக்குள் செலுத்தும் குழாய்) வைப்பதைப் பயிற்சி முழுக்கச் சொற்பமாகத்தான் செய்கிறார்கள். சில மையங்களில் அத்தனையும் ஒரே வாரத்து வேலை. கையால் செய்ய அனுமதி கிடைக்கிறதா என்பது உரிமம் சார்ந்த விஷயம். பக்கத்தில் நின்று பார்த்தாலே போதும், எம்ஆர்ஐ இல்லாமல், சில சமயம் சிடிகூட இல்லாமல், ஆர்த்தோகானல் (ஒன்றுக்கொன்று செங்குத்தாக எடுத்த) எக்ஸ்ரே படம் இரண்டை வைத்து பாயின்ட் ஏ என்ற குறிப்புப் புள்ளியில் டோஸைக் கணக்கிட்டு ஒழுங்காகச் சிகிச்சை கொடுப்பவர்களின் கைப்பழக்கம் வேறு எங்கேயும் கிடைக்காது.

கோபால்ட்60:

கான்டூரிங் வகுப்பை எடுத்துவிட்டேன் (அதாவது விண்ணப்பத்திலிருந்து!). மேடம் சொன்னபடி மையத்துக்கு எழுதினேன். பதில் வர நாளானது, ஆனால் வந்தது. அவர்கள் கேட்பது இது: கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வரும் நோயாளிகளில் சிகிச்சை முடிய எவ்வளவு நாள் ஆகிறது, எங்கே இழுக்கிறது என்று கோப்புகளிலிருந்து எடுத்துத் தர வேண்டும், அதற்கு ஆள் இல்லை. நேர்மையாகச் சொன்னால் கொஞ்சம் சாதாரண வேலையாகத் தோன்றுகிறது. ஸ்காலர்ஷிப் குழு இதை மதிக்குமா? வெறும் கோப்புப் புரட்டுகிறவன் என்று நினைக்க மாட்டார்களா?

வாசல்_திறந்திருக்கும்:

அவர்கள் உங்களிடம் தங்கத்தைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள், நீங்கள் எடை பார்க்கிறீர்கள்.

வெளிக்கதிர், பிராக்கி இரண்டும் சேர்ந்து மொத்தச் சிகிச்சை 56 நாளுக்குள், அதாவது எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அதைத் தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் இடுப்புப் பகுதியில் நோய் கட்டுப்படும் வாய்ப்பு அரை முதல் ஒரு சதவீதம் வரை குறையும் என்பது பல பழைய தொகுப்புகளில் வந்த கணக்கு. இப்போது அந்த மையத்தில் சராசரி எண்பது நாள் ஆகிறது என்று ஒரு பேச்சுக்கு வையுங்கள். அந்த இருபத்துச் சொச்சம் நாள் எங்கே போனது? இயந்திரம் நின்றதா, ரத்த அளவு குறைந்து காத்திருந்தார்களா, பிராக்கி அறை வரிசையா, வீடு தூரம் என்று இடையில் போய்விட்டார்களா, கட்ட வேண்டிய தொகை புரளவில்லையா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. இயந்திரம்தான் காரணம் என்றால் அமைச்சகத்துக்குக் கொடுக்க அவர்களிடம் எண் வேண்டும். தூரம்தான் காரணம் என்றால் தங்கும் விடுதி வேண்டும், புது லினாக் வாங்கினாலும் அது தீராது. இந்த எண் இல்லாமல்தான் பல துறைத் தலைவர்கள் வருடா வருடம் கையேந்துகிறார்கள்.

2020இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கருப்பை வாய்ப் புற்றுநோய் ஒழிப்புத் திட்டத்தில் 90-70-90 என்று மூன்று சதவீத இலக்கு. தடுப்பூசியும் பரிசோதனையும் பற்றி எல்லாரும் பேசுவார்கள், மூன்றாவது 90 என்பது கண்டுபிடிக்கப்பட்ட பெண்களுக்குச் சிகிச்சை. முற்றிய நிலையில் வருகிறவர்களுக்குக் கதிர்வீச்சும் பிராக்கியும் இல்லாமல் அந்த இலக்கு காகிதத்தில்தான் இருக்கும். உங்கள் விண்ணப்பத்தின் முதல் வரி இதிலிருந்து தொடங்கட்டும், சிறு வயது ஆர்வத்திலிருந்து வேண்டாம்.

ஒன்று மட்டும் கறாராக இருங்கள். வெளியீடு வந்தால் முதல் பெயர் யாருடையது என்பதை இப்போதே பேசுங்கள். அங்கே இருக்கும் ரெசிடென்ட் ஒருவரை முதலிலிருந்தே சேர்த்துக்கொள்ளுங்கள், நீங்கள் திரும்பியதும் மீதிக் கோப்புகளைப் பார்க்கப்போவது அவர்தான்.

பழைய_ரெசிடென்ட்:

மேடம் சொன்னதோடு காகித வேலையைச் சேர்த்துவிடுகிறேன், இதில்தான் நல்ல திட்டங்கள் கவிழும்.

நெறிமுறைக் குழு அனுமதி இரண்டு பக்கமும் வேண்டும், உங்கள் ஐஆர்பி (உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு) மட்டும் போதாது, அந்த நாட்டுக் குழுவும் சில இடங்களில் தேசிய அளவிலான குழுவும் பார்க்கும். மாதக் கணக்கில் ஆகும். நான்கு வாரத்துக்குப் போய் அங்கே உட்கார்ந்து அனுமதிக்குக் காத்திருந்தால் எலெக்டிவ் முடிந்துவிடும். அதனால் அனுமதி வாங்கும் வேலையை இங்கிருந்தே தொடங்குங்கள், தரவுப் படிவத்தை முன்பே தயார் செய்து அவர்களிடம் பத்துக் கோப்பில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நோயாளி பெயரோடு எந்தத் தரவும் நாட்டை விட்டு வெளியே வரக் கூடாது, உங்கள் லேப்டாப்பில்கூட.

உங்கள் ப்ரோக்ராம் டைரக்டரிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை: எலெக்டிவ் நாட்களில் சம்பளம் தொடருமா, அந்த வாரங்கள் பயிற்சிக் காலத்தில் சேருமா, அங்கே பார்க்கும் கேஸ்களை லாகில் (பயிற்சிப் பதிவேட்டில்) எழுதலாமா. சேராது என்றாலும் போகலாம், ஆனால் போன பிறகு தெரிந்தால் பட்டம் முடிக்கும் தேதி தள்ளிப்போகும். மருத்துவப் பிழைக் காப்பீடு பெரும்பாலும் நாட்டு எல்லையோடு நின்றுவிடும், அதையும் கேளுங்கள். பயணக் காப்பீட்டில் அவசர வெளியேற்றம் இருக்க வேண்டும். பிராக்கி அறையில் நிற்கப்போவதால் ஊசி குத்தினால் எடுக்க வேண்டிய ஹெச்ஐவி தடுப்பு மருந்து அங்கே உடனே கிடைக்குமா என்று பாருங்கள், சந்தேகம் என்றால் கையோடு கொண்டுபோங்கள்.

நீங்கள் ஜே-1 விசாவில் (வெளிநாட்டு மருத்துவர்கள் அமெரிக்காவில் பயிற்சி பெற வரும் விசா) இருந்தால் இன்னொரு படி: டிக்கெட் எடுக்கும் முன் உங்கள் ஜிஎம்இ (ரெசிடென்ட் பயிற்சியை நிர்வகிக்கும்) அலுவலகத்தில் பேசுங்கள். பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா முத்திரை காலாவதியாகியிருந்தால் வெளியே போனவர் புதிய முத்திரை வாங்காமல் திரும்பி உள்ளே வர முடியாது, தூதரக நேர்காணல் தேதிக்காக மூன்றாம் நாட்டில் உட்கார்ந்திருப்பது எந்த ஸ்காலர்ஷிப்பிலும் அடங்காது.

பீம்_ஆன்:

ஒரு சின்னச் சேர்க்கை. இயந்திர நிறுத்த நாட்களை நோயாளிக் கோப்பில் தேடாதீர்கள், கிடைக்காது. பிசிசிஸ்ட்டிடமோ டெக்னீஷியனிடமோ ஒரு பழைய நோட்டு இருக்கும், பழுது, பராமரிப்பு, மின்தடை எல்லாம் தேதியோடு. அதைப் படம் பிடித்து நோயாளித் தேதிகளோடு பொருத்தினால் பாதி ப்ராஜெக்ட் முடிந்தது. அப்படியே எலும்புக்குப் பரவிய வலிக்கு எத்தனை பேருக்கு 8 கிரே (கதிர் டோஸின் அலகு) ஒரே தவணையில் கொடுக்கிறார்கள், எத்தனை பேருக்குப் பத்துத் தவணை என்றும் எண்ணிவிடுங்கள். வலி குறைவதில் இரண்டும் ஒன்றுதான், மறுசிகிச்சை தேவைப்படுவது ஒற்றைத் தவணையில் கொஞ்சம் அதிகம். ஆனால் வரிசை நீளமாக இருக்கும் இயந்திரத்தில் ஒருவருக்கு ஒன்பது இடம் மிச்சமாகும். அந்த இடம் கருப்பை வாய் நோயாளிக்குப் போகலாம். துறைத் தலைவருக்கு நாளைக்கே செய்யக்கூடிய ஒன்று வேண்டும் என்றால் இதைவிட எளிதானது இல்லை.

கோபால்ட்60:

எல்லாருக்கும் நன்றி. முதல் பத்தியை மாற்றி எழுதிவிட்டேன், அங்கிருக்கும் ரெசிடென்ட் ஒருவரோடு பேசியும் ஆயிற்று, அவர் என்னைவிடத் தெளிவாக இருக்கிறார், படிவத்தில் ரத்தம் ஏற்றிய தேதிக்கு ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னதே அவர்தான். கடைசியாக ஒன்று: பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவது? எங்கள் துறைத் தலைவர் பெயர் பெற்றவர், ஆனால் என்னை அவ்வளவாகத் தெரியாது. பிராக்கிதெரபி பார்க்கும் அட்டெண்டிங் (எங்களை மேற்பார்வை பார்க்கும் மருத்துவர்) நன்றாகத் தெரிந்தவர், ஆனால் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது.

வாசல்_திறந்திருக்கும்:

பிராக்கி அட்டெண்டிங்கிடம் வாங்குங்கள். இன்னொரு கடிதம் நீங்கள் போகும் மையத்திலிருந்து, அதில் அவர்கள் என்ன கேட்டார்கள், உங்களை மேற்பார்வை பார்க்கப்போவது யார், எந்த வாரங்கள் என்று இருக்கட்டும். வார்த்தைகளை நீங்கள் எழுதி அனுப்பிக் கையெழுத்துக் கேட்காதீர்கள், அவர்களே எழுதட்டும், இரண்டு வரியாக இருந்தாலும் பரவாயில்லை. துறைத் தலைவரிடம் விடுப்புக்கான கையெழுத்து மட்டும் போதும்.